வடைக்கு அடுத்த தீர்மானம்

அத்தியாயம் 6

நிறைந்த அறையிலிருந்து பொருள்கள் காணாமல் போவதுண்டு. நிறைந்த அறையே காணாமல் போனதாகக் கங்காவிடம் இதுவரை யாரும் புகார் கொடுத்ததில்லை.

"மூணு கூட்டம்," என்றார் மீனம்மாள். "மூணுலயும் இதேதான். ஹால் நிறைய ஆள் இருப்பாங்க. என் தீர்மானம் வர்ற நேரத்துக்கு நாற்காலி மட்டும்தான் இருக்கும்."

மீனம்மாள் வேலங்காடு ஊராட்சி ஒன்றியத்தின் மகளிர் உறுப்பினர். அரசாங்கத்தில் மருத்துவச்சியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேர் பிறந்தபோது முதலில் பார்த்த முகம் அவருடையது. அதனால் எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா.

கங்கா பூந்தமல்லியில் ஒரு தட்டச்சு நிலையத்தின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். அவளுடைய உதவியாளன் ஜோயல், ஒன்றிய அலுவலகத்தின் கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட முயன்றுகொண்டிருந்தான். ஸ்கூட்டர் சம்மதிக்கவில்லை.

"நாற்காலியாவது கீதே மேடம்," என்றான். "அதுங்களை வெச்சே ஓட்டு எடுத்துரலாம். கட்சி மாறாது."

"தீர்மானம் என்ன?" என்று கேட்டாள் கங்கா.

"இந்த ஒன்றியத்துல பெருக்கறவங்க, தண்ணி டேங்குக்கு மோட்டார் போடறவங்க, எல்லாம் சேர்த்து பன்னிரண்டு பேர். கை கால் விழற வரைக்கும் வேலை செய்ய வேண்டியது. விழுந்த அன்னிக்கு ஒரு சால்வை, ஒரு எவர்சில்வர் குடம். அப்புறம் அவங்க என்ன சாப்பிடறாங்கன்னு யாரும் கேக்கறதில்ல. எனக்கு மாசாமாசம் பென்ஷன் வருது. அவங்களுக்கு? ஐம்பத்தெட்டு வயசுல மரியாதையா ஓய்வு, சாகற வரைக்கும் மாசாமாசம் ஒரு தொகை. இதான் தீர்மானம்."

"யார் எதிர்க்கறாங்க?"

"யாருமே எதிர்க்கல. எதிர்க்க ஆள் இருந்தாத்தானே? பாதிப் பேராவது உட்கார்ந்திருந்தாத்தான் ஓட்டு செல்லும்." மீனம்மாள் குடையை மடக்கினார். "இந்த மாசத்தோட எங்க பதவிக்காலம் முடியுது. இன்னிக்குத்தான் கடைசிக் கூட்டம். இன்னிக்கும் விழுந்தா, அந்தப் பன்னிரண்டு பேருக்கும் குடம்தான். பாஸானா, பலன் கிடைக்கிற முதல் ஆள் அதோ."

அவர் காட்டிய இடத்தில் ஒரு பெண் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒல்லி. தலை முழுக்க நரை. பெயர் முனியம்மாள். நிமிர்ந்து பார்த்தாள், சிரித்தாள், மறுபடியும் குனிந்துகொண்டாள்.

"இவங்க துப்பறியறவங்க, முனியம்மா. உன் தீர்மானத்துக்காகத்தான் வந்திருக்காங்க."

"சரிங்க நர்ஸம்மா," என்றாள் முனியம்மாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

"உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டாள் கங்கா.

"துணைச் சேர்மன் மூர்த்தி. எப்பவும் முதல் தீர்மானம் மாவட்ட வளர்ச்சித் திட்டம்தான். ஒரு தடவை கல்வெர்ட்டு, ஒரு தடவை ஏரி மதகு. இன்னிக்கு ஒரகடம் கூட்டுரோட்டுலேர்ந்து புதுசா ஒரு கம்பெனி வரப்போற நிலம் வரைக்கும் ரோடு. எல்லா வேலையும் அவர் மச்சான்தான் எடுப்பார். தன் வேலை பாஸானதும் முதல்ல எழுந்து போறவரும் அவர்தான்."

"என்ன காரணம் சொல்லிட்டுப் போறாங்க?"

"காரணமா?" மீனம்மாள் யோசித்தார். "ஒண்ணும் சொல்றதில்ல. வடை வரும். சாப்பிடுவாங்க. போயிடுவாங்க."

"கூட்டத்துக்கு நடுவுல வடையா?"

"கூட்டம் முடிஞ்சா வடை, டீ. அது இங்க பழக்கம்."

"அப்ப வடை வந்தா கூட்டம் முடிஞ்சதுன்னு அர்த்தமா?"

"அப்படிச் சட்டம் இல்லை." மீனம்மாள் குடையைத் தரையில் ஊன்றினார். "ஆனா அப்படித்தான்."

*

கூட்ட அறையில் புழுதி வாசனை அடித்தது. சாலைப் பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. சுவர்க் கடிகாரம் என்றைக்கோ ஒரு நாள் ஒன்பதே காலோடு திருப்தி அடைந்து நின்றுவிட்டது. சேர்மனின் நீண்ட மேஜை வெறும் பலகையாக இருந்தது. அதன் மேல் டம்ளர் வைத்த வட்டங்கள் தெரிந்தன.

"இன்னா மேடம், மேஜை இடுப்புல துணி இல்லாம நிக்குது," என்றான் ஜோயல். "சபை மரியாதை வாணாம்?"

"பச்சைத் துணி ஒண்ணு உண்டு," என்றார் மீனம்மாள். "முனியம்மா துவைச்சுப் போட்டிருப்பா. போன கூட்டத்துக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

அறையில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் ஓமத்தண்ணீர் பாட்டில். அவர்தான் மூர்த்தி. மீனம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். கங்கா மூர்த்திக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"வயிறு சரியில்லையா சார்?"

"இப்போ நல்லாத்தாம்மா கீது. இது முன்னேற்பாடு." மூர்த்தி ஒரு மடக்குக் குடித்தார். "மூணு கூட்டமா அந்த தசரதன் பண்ற அநியாயம் இருக்கே. வடை மேல செவசெவன்னு இருக்கும். பிச்சா நடுவுல பச்சை மாவு. மூணு தடவையும் ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல."

"மத்த நாள்ல அவர் கடை வடை எப்படி இருக்கும்?"

"மத்த நாள்ல தங்கமா இருக்கும். கூட்டத்தன்னிக்குத்தான் இப்படி. ஒன்றியத்து மேல அவனுக்கு இன்னா கோவமோ தெரியல."

"அப்ப இன்னிக்குச் சாப்பிடாதீங்களேன் சார்," என்றான் ஜோயல்.

மூர்த்தி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "வடைய்யா அது," என்றார்.

கங்கா நேரடியாகக் கேட்டாள். "நர்ஸம்மா தீர்மானம் விழறதுல உங்களுக்கு ஏதாவது லாபம் உண்டா?"

"எனக்கா? எங்க ஊர்ல மோட்டார் போடறவர் என் சித்தப்பா. வேலையை வுட்டா என் வூட்டுக்குத்தான் சாப்பிட வருவாரு. அந்தத் தீர்மானம் எப்படா பாஸாவும்னு நான் காத்துக்கினு கீறேன்."

"அப்ப ஏன் எழுந்து போனீங்க?"

"வடை வந்துடுச்சேம்மா," என்றார் மூர்த்தி. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் ஜோயல் தலையை ஆட்டினான். "ஆளு லிஸ்ட்டுல இல்ல மேடம். சொந்த வயித்துலயே மூணு தடவை குண்டு வெச்சுக்கிறவன் வில்லனா இருக்க முடியாது."

"ஒரு வடை மேல சிவந்து உள்ள வேகாம எப்போ இருக்கும்?"

"எங்கம்மா சுட்டா எப்பவும்."

"தீ அதிகமா இருக்கும்போது. அவசரப்படும்போது." கங்கா சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த டீக்கடையைப் பார்த்தாள். "மூணு தடவையும் வடை சீக்கிரம் வந்திருக்கு. யார் அவசரப்படுத்தினாங்கன்னு பார்ப்போம்."

*

தசரதன் கடையில் ரேடியோ வளைகுடாப் போரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை. சாலைப் புழுதி எண்ணெயில் விழாமல் இருக்கக் கடையின் முன்பக்கம் முழுவதும் சாக்குத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே விறகடுப்பு. அடுப்புக்குப் பின்னால் தசரதன், வியர்வையும் துண்டுமாக. அவர் நின்ற இடத்திலிருந்து சாலை தெரியாது. சாக்கு தெரியும்.

"இன்னிக்குக் கூட்டத்துக்கு எத்தனை மணிக்கு வடை கொடுப்பீங்க?" என்று கேட்டாள் கங்கா.

"மணி இன்னா மணி? கம்பெனி பஸ்ஸு ஹார்ன் அடிச்சா வடை போவும்."

"எந்த பஸ்?"

"ரெண்டாவது ஷிஃப்டு பஸ்ஸு. வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்துல எல்லாம் ஆளை ஏத்திக்கினு இந்த வழியா கம்பெனிக்குப் போவும். நம்ம ஊர்லயும் ஏழெட்டுப் பசங்க ஏறுவாங்க. அவங்களைக் கூப்பிட வளைவுல ஹார்ன் அடிப்பான். மத்தியானம் ஒரு மணி. ஒரு நாளும் தப்பாது."

"தப்பினா?"

"கம்பெனி பஸ்ஸு மேடம்," என்றான் ஜோயல். "சீக்கிரம் போனா கேட்டைத் தொறக்க மாட்டான். லேட்டாப் போனா சம்பளத்துல வெட்டு. தப்பவே தப்பாது."

"அப்ப மூணு கூட்டத்துக்கும் வடை ஏன் மாவா இருந்துச்சு?"

தசரதன் கரண்டியைக் கீழே வைத்தார். முகத்தில் அவமானம் தெரிந்தது. "அதை மட்டும் கேக்காதம்மா. இருபது வருஷமா வடை போடறேன். ஒரு நாளும் ஒரு பேச்சு கேட்டதில்ல. அந்த மூணு நாளும், கடைக்கு முதல் ஈடு மாவை இப்பத்தான் எண்ணெயில போட்டிருப்பேன், ஹார்ன் அடிச்சிடுச்சு. ஐயோ நேரமாயிடுச்சேன்னு வெறகை அள்ளிப் போட்டுத் தீயை ஏத்திட்டேன். பத்து நிமிஷத்துல மேல செவந்துடுச்சு. முனியம்மா தட்டைத் தூக்கினு போயிட்டா."

"யாராவது லாரிக்காரன் அடிச்சிருப்பான்," என்றான் ஜோயல்.

"அந்த ஹார்ன் வேற வண்டிக்குக் கிடையாதுப்பா. ரெண்டு மாடு ஒண்ணா இருமுற மாதிரி இருக்கும். அது நம்ம ரகு ஓட்டற பஸ்ஸுதான்."

"ரகு யாரு?"

"டிரைவரு. நல்ல பையன். அப்பா அம்மா இல்ல, அக்கா வூட்டுக் கஞ்சியைக் குடிச்சு வளந்தவன். இந்தப் பக்கம் போனா நமக்குக் கை காட்டாம போவ மாட்டான். சாக்கு இருக்கறதால எனக்குத் தெரியறதில்ல."

கங்கா கொஞ்ச நேரம் வடைச் சட்டியைப் பார்த்தாள்.

"ஹார்ன் அடிச்சதும் கம்பெனிப் பசங்க உங்க கடைக்கு வருவாங்களா?"

"ஓடியாருவாங்க. ஆளுக்கு ரெண்டு வடை கட்டினு ஏறுவாங்க."

"அந்த மூணு நாளும் வந்தாங்களா?"

தசரதன் வாயைத் திறந்தார். மூடினார். "வரலியே," என்றார் மெதுவாக. "ஒருத்தனும் வரல. அப்புறந்தான் வந்தாங்க. அப்பவும் ஹார்ன் அடிச்சுது. ரெண்டாவது பஸ்ஸும் வுட்டுட்டாங்க போலன்னு நெனச்சுக்கினேன்."

"ஒரு பஸ்தான்," என்றாள் கங்கா. "ஆள் ஏத்தறதுக்கு முன்னாடி அது எந்த வழியாப் போகும்?"

"இதே வழிதான். கம்பெனியில இருந்து காலியா வாலாஜாபாத் பக்கம் போவும். ஒரு பதினோரு மணிக்கு."

"அப்போ ஹார்ன் அடிக்குமா?"

"எதுக்கு அடிக்கணும்?"

"அதான் கேள்வி," என்றாள் கங்கா. "காலி பஸ் யாரைக் கூப்பிடும்?"

ஜோயல் சாக்கை விலக்கிச் சாலையைப் பார்த்தான். பிறகு சாக்கைப் பார்த்தான். "பஸ்ஸு சீக்கிரம் வரல மேடம். எதிர்ப்பக்கம் போயிருக்கு. இங்க சாக்கு, அங்க மூடின ஜன்னல். ஊரே காதால பஸ்ஸைப் பாத்துக்கினு கீது."

"இப்ப மணி என்ன?"

"பத்தே முக்கால்."

ஒன்றிய அலுவலகத்திலிருந்து சேர்மனின் குரல் கேட்டது. மாவட்டத்தின் வளர்ச்சியைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

*

சாலையைக் கடக்கும்போது ஜோயல் தன் கொள்கையை விளக்கிக்கொண்டு வந்தான். யாரோ ரகுவுக்குக் காசு கொடுத்திருக்க வேண்டும். மூர்த்தியின் மச்சானாக இருக்கலாம். இல்லை, சேர்மனே கூட. பெரிய மனிதர்களுக்குத்தான் இவ்வளவு சின்ன புத்தி வரும்.

"மாசத்துல ஒரு நாள் கூட்டம்," என்றாள் கங்கா. "எந்த நாள்னு நோட்டீஸ் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் போகும். தேதியும் மாறிக்கிட்டே இருக்கு. ஓடற பஸ்ல இருக்கற டிரைவருக்கு இன்னிக்குக் கூட்டம்னு எப்படித் தெரியும்?"

"யாராவது போய்ச் சொல்லணும்."

"இல்லன்னா அவன் கண்ணுல படணும்."

அவள் கேட்டின் பக்கத்தில் நின்றாள். சுற்றுச்சுவரின் மேல், சாலையைப் பார்த்தபடி, ஒரு பெரிய பச்சைத் துணி விரித்துப் போடப்பட்டிருந்தது. நான்கு மூலையிலும் செங்கல் வைத்திருந்தார்கள்.

"ஜோயல், கூட்டம் இல்லாத நாள்ல மேஜைத் துணி எங்க இருக்கும்?"

"பீரோவுல."

"கூட்டம் நடக்கற நாள்ல?"

"மேஜை மேல."

"அப்ப சுவத்து மேல எந்த நாள்ல இருக்கணும்?"

கங்கா துணியைத் தொட்டாள். மொரமொரப்பாக இல்லை, ஈரமாகவும் இல்லை. மடித்து வைத்திருந்த கோடுகள் அப்படியே இருந்தன. நடுவில் பழைய டீக்கறை. தட்டியதும் புழுதி பறந்தது.

"துவைக்காத துணி காயுது," என்றாள்.

ஒரு செங்கல்லை எடுத்தாள். இரண்டாவது செங்கல்லை எடுக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அதை வுட்டுடும்மா. இன்னும் காயல."

முனியம்மாள் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நனையவே இல்லையே," என்றாள் கங்கா.

முனியம்மாள் கொஞ்ச நேரம் துடைப்பத்தைப் பார்த்தாள். பிறகு அதைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"ரகு குடிச்சு வளந்தது உங்க வீட்டுக் கஞ்சியா? உங்க தம்பியா?"

"அவனை ஒண்ணும் பண்ணிடாதீங்கம்மா. துணி போட்டிருந்தா ஹார்ன் அடின்னு நாந்தான் சொன்னேன். எதுக்குன்னு அவன் கேக்கக்கூட இல்ல."

ஜோயலுக்கு வாயில் சொல் வரவில்லை. கங்காவிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகு அது இரண்டாவது தடவை.

"தீர்மானம் பாஸானா முதல் பலன் உங்களுக்குத்தானே?" என்றாள் கங்கா.

"பலனா?" முனியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "இந்த மாசத்தோட வூட்டுக்குப் போன்னு அனுப்பிடுவாங்கம்மா. அவங்க குடுக்கறது எனக்குக் கஞ்சிக்குப் போதும். எம் பொண்ணு சண்முகப்ரியா காஞ்சிபுரத்துல டீச்சர் டிரெய்னிங் படிக்குது. இன்னும் ரெண்டு வருஷம் கீது. அதுக்கு யார் கட்டறது?"

"ஆனா ஐம்பத்தெட்டு ஆயிடுச்சே."

"யாருக்கு? எனக்கு அம்பதுகூட ஆவல. இளநரைம்மா எனக்கு. வேலையில சேக்கும்போது பெரிய ஆபீசர் ஏற எறங்கப் பாத்தாரு. என் தலையைப் பாத்து வயசை எழுதினாரு. அப்ப வாணாம்னு சொல்லத் தோணல. வேலை குடுக்கறாரேன்னு இருந்துட்டேன்."

"இதை நர்ஸம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்படிம்மா சொல்றது? எனக்காகத்தான் அது சேர்மன்கிட்ட சண்டை போடுது. வெயில்ல அலையுது. நல்லது பண்றேன்னு வர்றவங்ககிட்ட வாணாம்னு எப்படிச் சொல்றது?"

உள்ளே கைதட்டல் கேட்டது. வளர்ச்சியில் ஏதோ ஒரு நல்ல பகுதி வந்திருக்க வேண்டும்.

"மத்த பதினோரு பேர்?" என்றாள் கங்கா.

முனியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அவங்களுக்கும் இது வேணாமா?"

"எடையூர்ல லீலான்னு ஒருத்தி கீறா," என்றாள் முனியம்மாள் கடைசியில். "முட்டி போயிடுச்சு. உக்காந்துகினே நகந்து நகந்து பெருக்கறா. நின்னுட்டா குடத்தைக் குடுத்து அனுப்பிடுவாங்கன்னு பயம். போன கூட்டம் கலைஞ்ச அன்னிக்கு என்கிட்ட வந்து அழுதா. நான் இன்னா சொல்றது? சரியாப் போயிடும்னு சொன்னேன்."

ஒரகடம் பக்கத்தில் புழுதி எழும்பியது. புழுதிக்குள்ளிருந்து ஒரு நீல பஸ் வந்துகொண்டிருந்தது.

கங்கா மீதிச் செங்கற்களையும் எடுத்தாள். துணியை உருவி மடித்தாள். முனியம்மாள் பயத்தோடு பார்த்தாள். கங்கா மடித்த துணியை அவள் கையிலேயே கொடுத்தாள்.

"மேடம்!" என்றான் ஜோயல்.

"தீர்மானத்தை விழ வைக்க உங்களால முடியும்," என்றாள் கங்கா முனியம்மாளிடம். "திருத்தவும் முடியும். நர்ஸம்மா உள்ளதான் இருக்காங்க. ஓட்டு எடுக்கறதுக்கு முன்னாடி அவங்க ஒரு வரியை மாத்திப் படிச்சாப் போதும். ஆனா அதுக்கு நேரம் வேணும். இப்ப வடை வரக் கூடாது."

"மாத்துமா அது?"

"தெரியாது. நீங்க இன்னும் கேக்கவே இல்லையே."

பஸ் நெருங்கியது. ஜன்னல்களில் ஒருவரும் இல்லை. ரகு வேகத்தைக் குறைத்தான். சுவரைப் பார்த்தான். சுவரில் எதுவும் இல்லை. அக்காவைப் பார்த்தான். அக்கா பச்சைத் துணியை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதை விரிக்கவில்லை.

ஹார்னுக்குப் பக்கத்தில் போன அவன் கை அப்படியே நின்றது. பஸ் சத்தமில்லாமல் வளைவில் திரும்பி வாலாஜாபாத் பக்கம் போய்விட்டது. புழுதி மூவர் மேலும் சமமாக விழுந்தது.

டீக்கடைச் சாக்கு விலகவில்லை.

*

மீனம்மாளை வெளியே கூப்பிட்டு முனியம்மாள் பேசியதை, கங்கா கொஞ்சம் தள்ளி நின்று கவனித்தாள். துணி, பஸ், ஹார்ன் எதுவும் அந்தப் பேச்சில் வரவில்லை. கங்கா வரச் சொல்லவும் இல்லை. நரையும் வயதும் மகளும், கடைசியில் லீலாவும்தான் வந்தார்கள்.

மீனம்மாள் கையிலிருந்த தீர்மானத் தாளைப் பிரித்துப் பார்த்தார்.

"ஐம்பத்தெட்டுன்னு எழுதினது நான்தான்," என்றார் பிறகு. "பன்னிரண்டு பேர் வீட்டுக்கும் போகணும்னு நெனச்சேன். போகல. நீயாவது என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல, முனியம்மா?"

"நீங்க கேக்கலீங்களே நர்ஸம்மா," என்றாள் முனியம்மாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது.

மீனம்மாள் கங்காவிடம் பேனா வாங்கிக்கொண்டு உள்ளே போனார். முனியம்மாள் பின்னாலேயே போய்ப் பச்சைத் துணியைச் சேர்மனின் மேஜை மேல் விரித்தாள். சேர்மன் தன் பேச்சை நிறுத்தாமல் டம்ளரை மட்டும் தூக்கிக் கொடுத்தார்.

இதுவரை மூன்று கூட்டங்களிலும் விவாதத்தை முடித்து வைத்தது வடை என்பது அப்போதுதான் தெரிந்தது. வடை வராததால் ரோடு முடியவில்லை. ஒவ்வொரு உறுப்பினரும் அந்த ரோடு தன் ஊர் வழியாக வளைந்து போக வேண்டும் என்று பேசினார். எல்லா வளைவையும் சேர்த்தால் ரோடு ஒரகடத்தில் கிளம்பி ஒரகடத்துக்கே வந்து சேரும் போலிருந்தது. மூர்த்தி இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். அது ஒன்பதே கால் காட்டியது.

கடைசியில் ரோடு பாஸானது. எந்த வழியாக என்பதை முடிவு செய்ய ஒரு குழு அமைத்தார்கள்.

"அடுத்து, தீர்மானம் எண் இரண்டு," என்றார் சேர்மன். "ஊழியர்களுக்கு ஓய்வுப் பாதுகாப்பு."

மீனம்மாள் எழுந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

வெளியே இரண்டு மாடுகள் ஒன்றாக இருமின.

இந்தத் தடவை உண்மையான ஹார்ன். கம்பெனிப் பசங்க சாலையில் ஓடும் சத்தம் கேட்டது. அறையில் பதினேழு தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின. பத்திரிகையை மடித்தார்கள். செருப்பைக் காலால் தேடினார்கள். மூர்த்தி பாதி எழுந்துவிட்டார்.

வராந்தாவில் முனியம்மாள் வடைத் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். வாசனை அவளுக்கு முன்னால் வந்தது. கங்கா வழியில் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

முனியம்மாள் அறையைப் பார்த்தாள். எழுந்து நிற்கும் பாதி ஆட்களையும், கையில் தாளோடு தனியாக நிற்கும் மீனம்மாளையும் பார்த்தாள். பிறகு தட்டை ஜோயல் கையில் கொடுத்தாள்.

"புடிச்சுக்கோ. துன்னுடாத."

"என்னைப் பாத்து ஏன்க்கா அப்படிச் சொல்ற?" என்றான் ஜோயல்.

முனியம்மாள் வெறுங்கையோடு உள்ளே போனாள். இருபது வருடமாகப் பெருக்கிய அந்த அறையில், கூட்டம் நடக்கும்போது அவள் பேசியது அதுவே முதல் தடவை.

"வடை இன்னும் வேகலீங்க," என்றாள். "உக்காருங்க."

எல்லோருக்கும் மூன்று கூட்டங்கள் நினைவுக்கு வந்தன.

முதலில் உட்கார்ந்தவர் மூர்த்தி. "நல்லா வேவட்டும்மா," என்றார் பதற்றத்தோடு. "ஒண்ணும் அவசரமில்ல. நர்ஸம்மா, நீங்க படிங்க. நிதானமாப் படிங்க."

மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

மீனம்மாள் படித்தார். எல்லா வரியும் பழைய வரிதான், ஒன்றைத் தவிர. ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு என்று இருந்த இடத்தில், ஐம்பத்தெட்டுக்குப் பிறகு ஊழியர் தாமே விருப்பம் தெரிவிக்கும் நாளில் ஓய்வு என்று இருந்தது. உடல் முடியாதவர்களுக்கு வயது பார்க்க வேண்டாம் என்று முனியம்மாள் சொல்லி இன்னும் அரை வரி சேர்ந்திருந்தது. அந்த அரை வரி லீலாவுக்கு.

"ஆட்சேபணை?" என்றார் சேர்மன்.

யாருக்கும் இல்லை. ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கினார்கள். மூர்த்தி ஓமத்தண்ணீர் பாட்டிலோடு தூக்கினார். சேர்மன் பாட்டிலையும் ஒரு கையாக எண்ணிவிட்டுப் பிறகு திருத்திக்கொண்டார்.

*

வடை ஆறிப்போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. மூர்த்தி ஒன்றைப் பிய்த்து, நடுவை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். கண் கலங்கினார்.

"தசரதன் மறுபடியும் மனுஷனாயிட்டான்," என்றார்.

மீனம்மாள் கங்காவை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "யாருன்னு நீங்க சொல்லவே இல்லையே. மூணு கூட்டத்தையும் யார் கலைச்சாங்க?"

"தசரதன் அடுப்புல தீ அதிகம்," என்றாள் கங்கா. "இப்ப சரியாயிடுச்சு."

மீனம்மாள் அவளைப் பார்த்தார். மேஜை மேல் இருந்த பச்சைத் துணியைப் பார்த்தார். அதன் மடிப்புக் கோடுகளையும் பார்த்தார். பல வருடம் மருத்துவச்சியாக இருந்தவர். எதைக் கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

"உங்க பேனா," என்று திருப்பிக் கொடுத்தார்.

ஜோயல் ஸ்கூட்டரை உதைத்தான். அது கிளம்பவில்லை. மறுபடியும் உதைத்தான்.

"தட்டுல ஒரு வடை குறைஞ்சுதாம்," என்றாள் கங்கா.

"சாட்சியம் மேடம். நடுவுல வெந்துச்சான்னு யாராவது பாக்கணும் இல்ல?"

"வெந்திருந்துச்சா?"

"ரெண்டாவது துன்னாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, கை துடைத்து, செருப்பு மாட்டிப் போனார்கள். அறை காலியானது. இந்தத் தடவை முறைப்படி.

முனியம்மாள் சுவரில் சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாற்காலிகளுக்கு அடியில் கிடந்த வடை இலைகளைக் கூட்ட ஆரம்பித்தாள். அவள் இன்னும் விருப்பம் தெரிவிக்கவில்லை.